நான்காம் கதவுக் குழந்தை

காலை பத்தரை மணிக்குக் கருப்பைக்குள் சௌக்கியமாக இருந்த குழந்தை, பத்தே முக்காலுக்குக் காணாமல் போயிருந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், அதுவும் காகிதக் குழந்தை. ஆனாலும் முந்நூறு வருஷத்துக் குழந்தை. மாலை நாலு மணிக்கு அதைப் பார்க்க நாற்பது பேர் வரப்போகிறார்கள். தொலைத்தவளோ எட்டு மாதக் கர்ப்பிணி. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரியும்?

மருத்துவக் கல்லூரி நூலகத்தின் அடித்தளத்தில், பழைய புத்தகங்களைப் பழுதுபார்க்கும் அறையில் அவள் வேலை பார்த்தாள். கிழிந்ததை ஒட்டுவது, பிரிந்ததைத் தைப்பது, பூச்சி தின்ற ஓட்டையை அடைப்பது. காலையில் வந்ததும் கோதுமைப் பசை காய்ச்சுவதுதான் முதல் வேலை என்பதால் மேல்மாடி முழுக்க அவளைப் பசைக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. சொந்தப் பெயரைவிட அதுதான் சுருக்கமாக இருந்தது.

ஏழாம் மாதத்தோடு ஏப்ரன் நாடா முதுகுக்குப் பின்னால் எட்டாமல் போயிற்று. அன்றிலிருந்து ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு, பழுப்பும் பச்சையுமாக இலை அச்சடித்த ஒரு தொளதொளத்த கவுனிலேயே வேலை பார்த்தாள். ஏப்ரன் இல்லாமல் மேசைக்கு வரக்கூடாது என்பது அந்த அறையின் முதல் விதி. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டியவளும் அவளேதான்.

இப்போது அந்தப் புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தன் வயிற்றுத் தோலைத் தானே ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, விருந்தாளிக்குப் புது அலமாரியைத் திறந்து காட்டுகிறவள் மாதிரி இருப்பாள். முகத்தில் வலியும் கிடையாது, வெட்கமும் கிடையாது. அவள் வயிற்றின்மேல் காகிதக் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு. முதல் கதவைத் தூக்கினால் தோலுக்கு அடியில் உள்ளது தெரியும். இரண்டாவதைத் தூக்கினால் சவ்வு, மூன்றாவதைத் தூக்கினால் குடல். நான்காவது கதவுதான் கருப்பை. அதைத் தூக்கினால் குழந்தை.

ஆனால் அதை யாரும் தூக்கியதில்லை. உயிரோடு இருக்கும் யாரும், என்று சொல்ல வேண்டும். நான்காம் கதவை எந்தக் காலத்திலோ யாரோ கெட்டிப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். குழந்தை உள்ளே இருக்கிறது என்பது மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நிழலாகத் தெரியும். எப்படி இருக்கிறது என்று தெரியாது.

தெரியாததைப் பற்றித்தான் முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார் ஓய்வுபெற்ற உடற்கூறுப் பேராசிரியர். அந்தக் காலத்தில் கருப்பைப் படம் வரைந்தவர்களில் பலபேர் கருப்பைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. முன்னவன் வரைந்ததைப் பார்த்துப் பின்னவன் வரைந்தான். கருப்பை கவிழ்த்து வைத்த கூஜா மாதிரி இருக்கும். உள்ளே குழந்தை குட்டி மனுஷன் மாதிரி நின்றுகொண்டோ, குதித்துக்கொண்டோ, சோம்பல் முறித்துக்கொண்டோ இருக்கும். இந்தப் புத்தகத்துக்கு வரைந்தவன் மட்டும் அப்படியில்லை, நிஜக் கருப்பையைக் கண்ணால் பார்த்தவன், ஆகவே குழந்தை தலைகீழாகத்தான் இருக்கும் என்று பேராசிரியர் ஒற்றைக் காலில் நின்றார். கட்டுரைகள் எழுதினார். இன்றைய கண்காட்சிக்கான துண்டுப்பிரசுரத்தில், உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று தலைகீழ்க் குழந்தை ஒன்றைக் கற்பனையாக வரைந்து அச்சடித்தும் விட்டார். கதவைத் திறக்கும் வேலை பசைக்காரியிடம் வந்தது.

மூன்று நாள் நீராவி காட்டினாள். மயிலிறகு கனம்கூட அழுத்தாமல், தகட்டுக் கத்தியை நூல் நூலாக நகர்த்தினாள். அன்று காலை பத்தரைக்குக் கதவு பெருமூச்சு விடுவதுபோல மேலே எழுந்தது. எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் தனியாக அந்த அறையில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

குழந்தை தலைகீழாக இல்லை. கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கால் முன்னால், நெற்றியில் சுருட்டிவிட்ட முடி. முகம் நாற்பத்தைந்து வயது முகம். நாம் வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒருவன் வந்து புகுந்துகொண்டால் ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வை. விடுமுறை விண்ணப்பத்தை நீட்டினால் தலைமை நூலகர் மேடம் நிற்கிற மாதிரியே நிற்கிறதே என்று பசைக்காரிக்குத் தோன்றியது. அதை நினைத்து இன்னொரு தரம் சிரித்தாள்.

பிறகு வேலையைப் பார்த்தாள். குழந்தையைப் பக்கத்தோடு பிடித்திருந்த ஒட்டுத்துண்டு மக்கிப்போயிருந்தது. கத்தியை அடியில் விட்டு, குழந்தையை அப்படியே தூக்கி, மேசைமேல் விரித்திருந்த ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். கதவிலிருந்த பழைய பசை நீராவியில் இளகிக் குழந்தையின் முகத்திலும் மார்பிலும் பிசுபிசுவென்று ஈஷியிருந்தது. முன்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும், அதுதான் முறை. எதிர்ச் சுவரில் இருந்த நீராவி இயந்திரத்தின் சுவிட்சை எட்டி அணைத்தாள். பின்னால் திரும்பிப் பஞ்சை எடுத்தாள். மறுபடி திரும்பினால் ஒற்றுத்தாள் காலியாக இருந்தது.

மின்விசிறி ஓடவில்லை. சன்னல் என்று ஒன்று அந்த அறைக்கே கிடையாது. கதவு சாத்தியிருந்தது. அவள் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்கெனவே அங்கே ஒருவர் இருக்கும்போது புளிக்கு எங்கே இடம் என்று கேட்காதீர்கள், கரைத்தது.

மேசைமேல் தேடினாள். மேசைக்கு அடியில் தேடக் குனிய முடியவில்லை. பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வாளியோடும் துடைப்பத்தோடும் வந்து நின்றாள்.

"என்னம்மா தேடுறே?"

"குழந்தைக்கா. குழந்தையக் காணோம்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயிற்றைக் காட்டி, "அது அங்கதானே இருக்கு?" என்றாள்.

"இது இல்லக்கா. காகிதக் குழந்தை. இத்தனூண்டு."

அக்கா தவழ்ந்து தேடினாள். நாற்காலிக் காலடியில் தேடினாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக்கூடத் தரையில் கொட்டிக் கிளறினாள். மூன்று ஊசி, ஒரு பொத்தான், பசைக்காரி போன மாதம் தொலைத்த ஒற்றைத் தோடு எல்லாம் கிடைத்தன. இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரையில் ஒரு அங்குலம் விடாமல் பார்த்தார்கள். தரையை மட்டும்தான் பார்த்தார்கள்.

மணி பன்னிரண்டு. பசைக்காரி மேடத்திடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். லிஃப்டில் ஏறி இரண்டாம் மாடிக்குப் போகும் வரையில் அந்த உறுதி இருந்தது. இந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் தயாராகி, மேடத்தின் மேசை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. கேட்டபோதெல்லாம், "கண்காட்சி நல்லபடியா முடியட்டும், பாக்கலாம்" என்பார் மேடம். பிரசவத்துக்குப் போகும்போது வேலை இருக்கும் என்று போவதா, இல்லாமல் போவதா என்பது அந்த ஒரு கையெழுத்தில் இருந்தது.

மேடத்தின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேராசிரியர் நின்றுகொண்டு மாலைப் பேச்சை ஒத்திகை பார்த்தார். "இதோ, நான்காம் கதவு. முப்பது ஆண்டுகள் காத்திருந்தேன்" என்று சொல்லி நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த இடத்துல கொஞ்சம் கண் கலங்கினா நல்லாருக்கும்ல?" என்று மேடத்தைக் கேட்டார்.

பசைக்காரி சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, வந்த வழியே இறங்கிப்போனாள்.

பழுதுபார்க்கிறவர்கள் வெற்றுத்தாள் திருடர்கள். உருப்படாமல் போன பழைய புத்தகங்களின் எழுதாத பக்கங்களை ஒரு பெட்டியில் பதுக்கி வைத்திருப்பார்கள், என்றைக்காவது ஓட்டை அடைக்க உதவும் என்று. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பழுத்த தாளை எடுத்தாள். பால் விடாத டீயைத் தடவி இன்னும் கொஞ்சம் பழுக்கவைத்தாள். மெல்லிய பேனாவையும் பழுப்பு மையையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஒரு சபலம் வந்தது. குழந்தையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். தலைகீழாக வரைந்துவிட்டால் பேராசிரியர் ஆனந்தக் கண்ணீர் விடுவார், மேடம் கையெழுத்துப் போடுவார், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். பேனா நுனி தாளைத் தொடுகிற வரைக்கும் அதைத்தான் யோசித்தாள். ஆனால் இடுப்பில் கைவைத்து முறைத்த அந்த முகம் மனசைவிட்டுப் போகவில்லை. தொலைத்தது போதாதென்று குப்புறக் கவிழ்க்கவும் வேண்டுமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, பார்த்தபடியே நிற்க வைத்தாள். நாற்பது நிமிஷத்தில் குழந்தை தயார். வரைந்து முடித்து டீயை எடுத்துக் குடிக்கும்போது ஒரு சொட்டு குழந்தையின் இடது முழங்காலில் விழுந்தது. ஒற்றி எடுத்தாள். எள்ளளவு கறை நின்றுவிட்டது.

கத்தரித்தாள். திருப்பிப் போட்டாள். பழுதுபார்க்கிறவர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. புதிதாக எதைச் சேர்த்தாலும், சேர்த்ததன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். கொலை செய்தாலும் எழுதிவைத்துவிட்டுத்தான் போவார்கள் என்று மாடியில் கேலி பேசுவார்கள். அவள் பென்சிலைச் சீவி, 'இது புதியது. இன்று வரைந்தேன். பழையது என் கையில் தொலைந்தது' என்று எழுதித் தேதியும் போட்டு, குழந்தையை நான்காம் கதவுக்கு அடியில் ஒட்டாமல் வைத்தாள். பின்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆறுதலுக்கு ஆறுதல், பயத்துக்குப் பயம்.

நாலு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கலான விளக்கில் விரிந்திருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்துவைத்துப் பேராசிரியர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். மேடம் பக்கத்தில் நின்றார். பசைக்காரி கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். முகத்தில் திருட்டு முழி. நல்லவேளையாக எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று கதவுகள் திறந்தன. "இதோ, நான்காம் கதவு. முப்பது ஆண்டுகள் காத்திருந்தேன்" என்று பேராசிரியர் நிறுத்தினார், கண்ணைத் துடைத்தார், கதவைத் தூக்கினார்.

குழந்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

நாற்பது பேர் கையிலும் தலைகீழ்க் குழந்தையின் படம் போட்ட துண்டுப்பிரசுரம் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் பெட்டியைப் பார்த்தார், பிரசுரத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பேராசிரியரின் முகத்தில் இரண்டு விநாடி ஈயாடவில்லை. மூன்றாம் விநாடி அவர் மேடத்தின் கையிலிருந்த பிரசுரத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி உயரத் தூக்கிக் காட்டினார்.

"இதை இப்படிப் பிடிச்சுப் பாக்கணும். அச்சுக்கூடத்துல திருப்பிப் போட்டுட்டாங்க. நான் எப்பவுமே சொல்லிட்டு வந்தபடியே குழந்தை நிமிர்ந்து நிக்குது."

நாற்பது பிரசுரங்களும் தலைகீழாகத் திரும்பின. சிலர் தலையாட்டினார்கள். பேராசிரியருக்குத் தெம்பு வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"இந்தக் கோட்டைப் பாருங்க. என்ன உறுதி. இன்னிக்கு இருக்கிற யாராவது இப்படி ஒரு கோடு இழுக்க முடியுமா? முடியாது. அந்தக் கை வேற, அந்தக் காலம் வேற."

பசைக்காரிக்குப் பெருமையாக இருந்தது. உடனே அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"இடது முழங்கால்ல ஒரு மச்சம் இருக்கு பாருங்க. இது தற்செயல் இல்ல. வரைஞ்சவர் தன்னோட ரகசிய அடையாளத்தை அங்க விட்டுட்டுப் போயிருக்கார். இதைப் பத்தி நான் தனியா ஒரு கட்டுரை எழுதப்போறேன்."

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் வயிறு குலுங்கியது, உள்ளே இருந்தவர் ஒரு உதை விட்டார். பக்கத்து நாற்காலிக்காரர், "ஏதாவது பண்ணுதாம்மா? டாக்டரைக் கூப்பிடவா?" என்று கேட்டார். கூப்பிடத் தேவையில்லாமல் அந்த மண்டபத்தில் இருபது டாக்டர்கள் இருந்தார்கள். அவள் இல்லை என்று தலையாட்டினாள். தலையாட்டும்போதுதான் பார்த்தாள், மேடம் குழந்தையைப் பார்க்கவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்து, இடது புருவத்தை மட்டும் உயர்த்தி, நேராகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்குக் கூட்டம் கலைந்தது. பேராசிரியர் ஏழெட்டுப் பேரிடம் கைகுலுக்கிவிட்டுப் போனார். மண்டபத்தில் மேடமும் பசைக்காரியும் மட்டும் மிஞ்சினார்கள். மேடம் இடுக்கியை எடுத்து, பெட்டிக்குள்ளிருந்த குழந்தையின் காலைப் பிடித்துத் தூக்கிப் பின்பக்கம் படித்தார். படித்துவிட்டு முன்பக்கம் திருப்பினார்.

"எப்போ சொல்றதா இருந்தே?"

"சொல்லத்தான் வந்தேன் மேடம். உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன்."

"வந்து?"

"சார் அழுது பாத்துட்டிருந்தார்."

மேடத்தின் உதட்டோரம் ஒரு கணம் துடித்து அடங்கியது. "சரி. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி என்னை யாரு வரைஞ்சிருப்பாங்க?"

பசைக்காரி எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பழைய முகம் எப்படி இருந்தது என்று யோசித்து யோசித்து வரைந்ததில், இடது புருவம் மட்டும் உயர்ந்து, அப்பட்டமாக மேடமே கருப்பைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"வேணும்னு பண்ணல மேடம்."

"தெரியுது. வேணும்னு பண்ணியிருந்தா இன்னும் கொஞ்சம் ஒல்லியா வரைஞ்சிருப்பே." மேடம் குழந்தையை ஒற்றுத்தாளில் வைத்தார். குரல் மாறியது. "ஆனா இது விளையாட்டு இல்லம்மா. இவ்ளோ பழைய பொருள் தொலைஞ்சிருக்கு. நாளைக்கு நூலகக் குழுவுக்கு நான் சொல்லியாகணும். அந்தக் கடிதத்துல இப்போ நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது, நீயே சொல்லு."

அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வரப் பசைக்காரி அழுதாள். நிஜமான அழுகை. வேலை போகிறதே என்று மட்டுமில்லை, முந்நூறு வருஷம் பத்திரமாக இருந்ததைத் தன் கை தொலைத்துவிட்டதே என்றும் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் வந்து சேர்ந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து, வழக்கம்போல அவளைக் கூட்டிப்போக வந்திருந்தான். பெண்டாட்டி அழுகிறாள், எதிரே மேடம் நிற்கிறார். என்ன கேட்பது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. தெரியாதபோது தெரிந்த வேலையைச் செய்வது அவன் சுபாவம். நேராகப் போய்க் கடைசி வரிசையில் கிடந்த செருப்பை எடுத்துவந்து அவள் முன்னால் மண்டியிட்டான். ஆறாம் மாதத்திலிருந்து அவளுக்குச் செருப்பு மாட்டிவிடுவது அவன்தான். மாட்டும்போது வயிற்றிடம் பேசுவதும் வழக்கம். குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தினம் இரண்டு வேளை, "தரைத்தளம் சாமி, தரைத்தளம்" என்று லிஃப்டுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கும் அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் இடது செருப்பின் வாரை மாட்டினான், வலது செருப்பின் வாரை மாட்டினான், "தரைத்தளம்" என்று சொல்ல நிமிர்ந்தான். சொல்லவில்லை.

"இது என்னது?"

"எது?"

"உன் வயித்துக்கு அடியில ஏதோ ஒட்டிட்டிருக்கு. மனுஷன் மாதிரி வெட்டின காகிதம்."

பசைக்காரி குனிந்து பார்த்தாள். வயிறுதான் தெரிந்தது. மூன்று மாதமாக அவளுக்கு அந்த மேட்டுக்கு அந்தப்பக்கம் எதுவும் தெரிந்ததில்லை. கால் வலித்தால் எட்டாம் மாத வயிற்றை மூட்டையைப்போல மேசைமேல் ஏற்றி வைத்துக்கொள்வாள். காலையில் சுவிட்சை எட்டி அணைத்தபோதும் அப்படித்தான் ஏற்றி வைத்திருக்கிறாள், நேராக ஒற்றுத்தாளின்மேல். ஏப்ரன் போட்டிருந்தால் கழற்றி ஆணியில் மாட்டும்போதாவது கண்ணில் பட்டிருக்கும். இலை போட்ட கவுனில் இன்னொரு காய்ந்த இலைபோல ஒட்டிக்கொண்டு, அடித்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் போய், கண்காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய சொற்பொழிவையும் கேட்டிருக்கிறது அந்தக் குழந்தை.

"தொடாதீங்க" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"தொடல. ஆனா இவன் தலைகீழா இருக்கான்" என்றான் அவன் அண்ணாந்து பார்த்தபடி. "நான் சொன்னது ஒருத்தன் காதுலயாவது விழுந்திருக்கு."

பசைக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். மேடம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஊழியர் ஒருத்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி, இடுக்கியால் குழந்தையை எடுத்தார். துளி கிழியவில்லை. முகத்தைக் கவுனில் பதித்து ஒட்டியிருந்ததால் பின்பக்கம்தான் மேலே வந்தது. அதில் எறும்பு ஊர்ந்ததுபோல மங்கிய மை எழுத்து.

"நீ இதுலயும் எழுதிட்டியா?"

"இல்ல மேடம். நான் இதைத் திருப்பியே பாக்கல."

மேடம் பூதக்கண்ணாடியை வைத்துச் சத்தமாகப் படித்தார். "பழையது என் கையில் தொலைந்தது. இது நான் வரைந்தது. யாரும் பார்க்காதிருக்கக் கதவை ஒட்டிவிட்டேன். மன்னிக்கவும். ஒட்டுவேலைக்காரி." கீழே வருஷம் இருந்தது. நூற்றுப்பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய வருஷம்.

முந்நூறு வருஷத்துக் குழந்தை என்று காலையிலிருந்து அல்லாடியது இதற்காகத்தானா? பிறகு மேடத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். சிரிப்பு.

குடையை மறந்துவிட்டுப் போன பேராசிரியர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் திரும்பி உள்ளே வந்தார். மேசையில் இரண்டு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கிடந்தன. மேடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பசைக்காரி முழங்கால் மச்சம் டீ என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பாவம், மனுஷர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நூற்றுப்பன்னிரண்டு வயசுக் குழந்தையைப் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். மெதுவாக முகம் தெளிந்தது.

"அப்போ அசல் குழந்தை எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாது சார்."

"இனிமேலும் தெரியப்போறதில்ல."

"இல்ல சார்."

"தலைகீழாத்தான் இருந்திருக்கும்" என்றார் பேராசிரியர் பரம திருப்தியோடு. "நான் எப்பவுமே சொல்லிட்டு வந்தபடியே." குடையை எடுத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாக நடந்தார்.

மேடம் இரண்டு குழந்தைகளையும் ஒரே தட்டில் எடுத்துவைத்தார். "காலைல முதல் வேலையா விவரச் சீட்டை மாத்தி எழுது. யாரு யாரு வரைஞ்சது, யாரு யாரு தொலைச்சது, எல்லாம் வரணும். ரெண்டையும் வைப்போம்." கொஞ்சம் நிறுத்தினார். "அவளும் உன்ன மாதிரிதான் எழுதி வெச்சிருக்கா. ஆனா கதவை ஒட்டிட்டா. நீ நாற்பது பேருக்குத் திறந்து காட்டிட்டே, என் மூஞ்சியோட. சீட்டை முடிச்சதும் மேல வந்து உன் கடிதத்தை வாங்கிக்கோ. அந்த ஏப்ரனுக்கு நீளமா நாடா தெச்சுக்கோ."

பசைக்காரி நன்றி சொல்லும் வரைக்கும் மேடம் காத்திருக்கவில்லை.

லிஃப்டில் இருவர் மட்டும். அவன் பொத்தானை அமுக்கிவிட்டு, பழக்கத்தில் வயிற்றைப் பார்த்து, "தரைத்தளம்" என்றான். அவள் சுவரில் சாய்ந்து நின்று அந்த நூற்றுப்பன்னிரண்டு வருஷத்துக்காரியை நினைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இதேபோல மேசைமேல் தேடியிருப்பாள். குனிய முடிந்த வரைக்கும் குனிந்து தரையில் தேடியிருப்பாள். விடிய விடியத் தூங்காமல், யாரிடமும் சொல்லாமல், பசையைக் கெட்டியாகக் காய்ச்சிக் கதவை ஒட்டியிருப்பாள்.

"ஏங்க, அவளும் மாசமா இருந்திருப்பாளோ?"

"யாரு?"

"அந்த ஒட்டுவேலைக்காரி."

அவன் யோசித்தான். "இருந்திருந்தா அந்தக் குழந்தையும் அவ வயித்துக்கு அடியிலதானே இருந்திருக்கும். யாராவது பாத்துச் சொல்லியிருப்பாங்களே."

பசைக்காரி தன் செருப்பு வார்களைப் பார்க்கப் பார்த்தாள். வயிறுதான் தெரிந்தது.

"செருப்பு மாட்டிவிட ஆள் இருந்திருக்காது" என்றாள்.